பாட்டு வாங்கினால் பேய் இலவசம்

2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் பாட்டு சிடியைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் பலருக்கு ஒரு பேயும் இலவசமாகக் கிடைத்தது. அட்டையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தளவுக்கு அடக்கமான நிறுவனம்.

இசைக் கம்பெனிகள் தூக்கம் தொலைத்திருந்த காலம் அது. இணையத்தில் பாட்டை இலவசமாகப் பகிர வழி செய்த நாப்ஸ்டரை மூடினால் நாலு தம்பிகள் முளைத்தார்கள். வாங்குகிறவனெல்லாம் திருடன் என்று முடிவுகட்டி, சிடிக்குப் பூட்டுப் போடக் கிளம்பினார்கள். 2002இல் ஐரோப்பாவில் பாடகி செலின் டியோனின் சிடிக்கு சோனி ஒரு பூட்டுப் போட்டது. வட்டின் விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு இழுத்தால் அது திறந்துகொண்டது. 2003இல் பிஎம்ஜியின் முறை. பூட்டு சன்காம் என்ற கம்பெனி செய்தது. சிடியைப் போடும்போது ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் போதும், பூட்டு வேலை செய்யாது என்று பிரின்ஸ்டன் ஆராய்ச்சி மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் எழுதினார். சந்தை மதிப்பில் 1 கோடி டாலர் போச்சு, வழக்குப் போடுவோம் என்று குதித்தது சன்காம். மறுநாளே வழக்கு வேண்டாம் என்றது. உலகத்தில் உள்ள கீபோர்டுகளையெல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும் என்று வக்கீல் எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

2004இல் சோனியும் பிஎம்ஜியும் தங்கள் இசைக் கம்பெனிகளை இணைத்தன. ஸ்கெட்ச் பேனாவிடம் தோற்றவரும் ஷிப்ட் விசையிடம் தோற்றவரும் சம்பந்தி ஆனார்கள்.

அடுத்த பூட்டின் பெயர் எக்ஸ்.சி.பி. இங்கிலாந்தின் ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட் என்ற கம்பெனி செய்து கொடுத்தது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டதும் நீளமாக ஓர் ஒப்பந்தம் வரும். யார் படிப்பார்கள்? படித்திருந்தால் சிரித்திருக்கலாம். சிடி களவு போனால் கம்ப்யூட்டரில் ஏற்றிய பாட்டையும் அழித்துவிட வேண்டும். திவாலானாலும் அப்படியே. கடன்காரன் வாசலில் நிற்கும்போது முதல் கடமை பாட்டை அழிப்பது! சம்மதம் என்று தட்டியவுடன் உள்ளே போன மென்பொருள் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டது. ரூட்கிட் என்பார்கள் இந்த வித்தையை. அதுவரை பெரும்பாலும் வைரஸ் எழுதுகிறவர்கள்தான் அதைக் கையாண்டு வந்தார்கள்.

மார்க் ருசினோவிச்சுக்கு விண்டோஸின் குடலை உருவிப் பார்ப்பதே தொழில். ரூட்கிட் பிடிக்கத் தாம் எழுதிய கருவியைச் சோதித்தபோது, சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒன்று மாட்டியது. மோப்பம் பிடித்துப் போனால், வான் ஸான்ட் சகோதரர்கள் பாடிய சிடியில் போய் நின்றது. பிடுங்கி எறிந்தார், கூடவே சிடி டிரைவும் மாயமானது. கதையை அவர் ஊருக்குச் சொன்ன நாள் அக்டோபர் 31, அமெரிக்கர்கள் பேய்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் நாள்.

பேய்க்கு ஒரு தாராள குணமும் இருந்தது. டாலர் குறி, சிஸ், மறுபடி டாலர் குறி என்று பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும், யாருடையது என்று கேட்காமல், மறைத்து வைத்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் கள்ளாட்டம் ஆடியவர்கள், காவல் மென்பொருள் கண்ணில் படாமலிருக்க இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சில நாளில் ட்ரோஜன் என்னும் நச்சு நிரல்களும் அதே நிழலில் ஒதுங்கின.

சோனி பிஎம்ஜியின் உலக டிஜிட்டல் வணிகத் தலைவர் தாமஸ் ஹெஸ்ஸே வானொலியில் விளக்கம் சொன்னார்: ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாது, பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்? கணையம் எங்கே இருக்கிறது என்றும்தான் பெரும்பாலோருக்குத் தெரியாது. அதற்காக ஆளுக்கொன்று உருவிக்கொண்டு போய்விட முடியுமா?

ஊர் சிரித்த பிறகு பேயோட்டும் மென்பொருள் வந்தது. அதைப் பெற மின்னஞ்சல் முகவரி கொடுத்து மனுப் போட வேண்டும். பிரின்ஸ்டனில் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டனும் நம்ம ஷிப்ட் விசை ஹால்டர்மனும் பிரித்துப் பார்த்தார்கள். பேயை ஓட்ட வந்தது, எந்த இணையதளமும் உள்ளே நுழைந்து என்ன வேண்டுமானாலும் செய்யும்படி கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தது. இன்னொரு கூத்து: பதிப்புரிமை காக்க வந்த எக்ஸ்.சி.பி.க்குள்ளேயே அடுத்தவர் எழுதிய நிரல்கள் இருந்தன. லேம் என்ற திறமூல எம்பி3 மென்பொருளின் துண்டுகள் அதில் கிடந்தன. போதாதென்று, டிவிடி பூட்டை உடைத்த வழக்கில் விடுதலையான நார்வே இளைஞர் ஜான் ஜோஹன்சனின் நிரலும் சிக்கியது. திருட்டுத்தனமாகப் பாட்டை இறக்கியவன் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டேன் காமின்ஸ்கி தேடியபோது 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வலையமைப்புகளில் இதன் காலடித் தடம் தெரிந்தது. நவம்பரில் சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள்: 52 ஆல்பம், அச்சடித்தவை ஏறக்குறைய 47 லட்சம், விற்றவை 21 லட்சம். பட்டியலில் செலின் டியோன் மறுபடியும் இருந்தார், பாவம். டெக்சாஸ் மாநிலம் வழக்குப் போட்டது. விளிம்பில் நகமளவு டேப் ஒட்டினால் இந்தப் பூட்டும் படுத்துவிடும் என்று கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது. 2007 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துடன் சமரசம்: கம்ப்யூட்டர் கெட்டவர்களுக்கு 150 டாலர் வரை பழுதுச் செலவு.

2008 ஜனவரியில் பூட்டில்லாத எம்பி3 விற்கிறோம் என்று சோனி பிஎம்ஜி அறிவித்தது. அந்தப் பாட்டை இணையத்தில் வாங்க அப்போது என்ன வழி? காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், 12.99 டாலருக்கு ஓர் அட்டை வாங்கி, முதுகைச் சுரண்டி எண்ணைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் தட்டி இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.