இத்துடன் படம் வைத்திருக்கிறேன்

பத்து வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. கோட்டையூர் வீட்டில் அப்பத்தாவுக்குக் கடிதம் படித்துக் காட்டுவது. சம்பளம், கடிதத்துக்கு இரண்டு மாவுருண்டை. படத்தோடு வந்த கடிதம் என்றால் மூன்று.

ஐயா, அதாவது என் தாத்தா, அப்போது பினாங்கில் ஒரு லேவாதேவிக் கடையில் மேலாள். எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் 'கொண்டுவிற்கப்' போயிருந்தார்கள். மூன்று வருஷக் கணக்கு முடித்து ஐந்தொகை போட்டுக் கொடுத்தால்தான் ஊர் திரும்பலாம். அதுவரைக்கும் அப்பத்தாவுக்கு ஐயா என்றால் மாதம் ஒரு கடிதம், எப்போதாவது ஒரு படம்.

அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் உறையைக் கையில் வாங்கி விரலால் ஒரு தடவு தடவினாலே போதும். "உள்ள அட்டை இருக்கு. ஓரமாக் கிழி" என்பார்கள். நானும் ஓரமாகக் கிழிப்பேன். இவ்விடம் சுகம், அவ்விடம் சுகத்துக்குப் பதில் எழுதவும் என்பதிலிருந்து ஆரம்பித்து, கடை நடக்கும் கிட்டங்கிச் சமாசாரம், மழைச் சமாசாரம், யார் வீட்டுப் பையன் பெட்டியடி வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறான் என்பது வரைக்கும் நிதானமாகப் படிப்பேன். கடைசியில்தான் வரும் அந்த வரி: "இத்துடன் படம் வைத்திருக்கிறேன்." அதற்கு முன்னாலேயே படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டால் கடிதத்தை யார் கேட்பார்கள்? பத்து வயதிலேயே எனக்கு இந்த வித்தை தெரிந்திருந்தது.

ஐயா சிக்கனக்காரர்கள். பல மாதம் நீல நிற ஏர் லெட்டரில்தான் எழுதுவார்கள். அதற்குள் வேறு எதையும் வைக்கக்கூடாது, வைத்தால் கூடுதல் கட்டணம், இல்லாவிட்டால் சாதாரணத் தபாலில்தான் போகும் என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கும். ஆகவே 'படம் தனியே அனுப்பியிருக்கிறேன்' என்ற செய்தி ஆகாயத்தில் பறந்து ஒரே வாரத்தில் வந்துவிடும். படம் ஆடி அசைந்து கப்பலில் வரும். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ரஜூலா கப்பல் போய்வந்துகொண்டிருந்த காலம். நடுவில் இருக்கும் அந்த நாட்களில் தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே அப்பத்தா முகப்பில் நிற்பார்கள்.

ஒரு ஐப்பசி அடைமழையில் படம் வந்தது, ஆனால் தெரியவில்லை. உறை நனைந்து, படத்தின் முகம் உறைத்தாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. உரித்தால் ஐயா முகமும் சேர்ந்து உரியும். காரைக்குடியில் இருந்த ஒரு ஸ்டூடியோக்காரரிடம் கொண்டுபோனோம். அவர் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. ஒரு தட்டில் நல்ல தண்ணீர் ஊற்றி, படத்தை உறைத்தாளோடு முக்கிவைத்தார். ஜெலட்டின் ஊறி இளகியதும் தாள் தானாகக் கழன்று மிதந்தது. தண்ணீருக்கடியில் ஐயா, கிட்டங்கி வாசலில், கோட்டு போட்டுக்கொண்டு. அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போயிட்டாக" என்றார்கள். எனக்கு அன்றைக்கு நாலு மாவுருண்டை.

அதெல்லாம் பழைய கதை. இப்போது நானே அப்பத்தா. புகுந்த வீடு காரைக்குடி. மேசையில் கணினி, அதில் மெயில். அறிவியல் வளர்ந்துவிட்டதால், இப்போது படம் ஒரு நொடியில் வந்து சேர்ந்துவிடுகிறது. தெரிவதற்குத்தான் நாலு நாள் ஆகிறது.

போன பிள்ளையார் நோன்புக்கு நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21-ஆம் நாள், 21 நூல் சேர்த்துத் திரித்த இழையை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். நியூஜெர்சியில் இருக்கும் என் பேத்தி இந்த வருஷம்தான் முதன்முதலாகப் பயப்படாமல் இழை எடுத்துக்கொண்டாளாம். வாட்சப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், பெரிதாக்கினால் மங்கும் என்று மகள் மெயிலில் அனுப்பினாள். திறந்தேன். மேலே, "ஆத்தா, 11 படம் வச்சிருக்கேன்." கீழே 11 கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, கணக்கு நோட்டில் வாத்தியார் தப்புப் போட்டதுபோல.

1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தை ஏவி.எம். எடுத்தது இதே காரைக்குடியில்தான். காந்தி படச் சுருள்களைத் தேடி உலகத்தைச் சுற்றி வந்து 1940-இல் படமாகத் தொகுத்துக் காட்டிய ஏ.கே. செட்டியார் எங்கள் கோட்டையூர்க்காரர். அப்பேர்ப்பட்ட மண்ணில் உட்கார்ந்துகொண்டு என்னால் ஒரு குழந்தையின் படத்தை வரவழைக்க முடியவில்லை.

பங்காளி வீட்டுப் பேரனைக் கூப்பிட்டேன். பொறியியல் மூன்றாம் வருஷம். வந்ததும் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தான்.

"அப்பத்தா, மேல மஞ்சளா ஒரு பட்டை இருக்கே, அதப் படிச்சியளா?"

படித்திருக்கிறேன். என் பாதுகாப்புக்காகப் படங்களைத் தடுத்து வைத்திருப்பதாகப் போட்டிருந்தது. நான் அதை மிரட்டல் என்று நினைத்து நகர்ந்துவிட்டேன். அப்பத்தா சொன்ன யுத்த காலத்துக் கதை எனக்கு நினைவுக்கு வந்தது. அப்போது மலாயாவிலிருந்து வந்த கடிதங்களைத் தணிக்கைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவாராம். வேண்டாத வரிகள் மேல் கறுப்பு மை. பிறகு பினாங்கு விழுந்து, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் விழுந்ததும் கடிதமே நின்றுவிட்டது. மூன்றரை வருஷம் ஒரு வரி இல்லை. அந்தக் கறுப்பு மைக்கும் காரணம் பாதுகாப்புத்தான்.

"இது அப்படி இல்ல" என்றான் பேரன். "மெயிலுக்குள்ள படம் ரெண்டு விதமா வரும். ஒண்ணு, படமே உள்ள இருக்கும். இன்னொண்ணு, படம் வேற எங்கயோ ஒரு சர்வர்ல இருக்கும். மெயில்ல அதோட முகவரி மட்டும்தான். நீங்க தொறக்கிறப்ப உங்க கம்ப்யூட்டர் அங்க போய் எடுத்துக்கிட்டு வரணும். போற எடத்துல, இன்னார் இத்தனை மணிக்குத் தொறந்தாகன்னு பதிஞ்சிரும்."

அதற்கென்றே ஒரே ஒரு புள்ளி அளவில், கண்ணுக்குத் தெரியாத படம் வைப்பார்களாம். ஆளுக்கு ஒரு முகவரி கொடுத்துவிட்டால், எந்த ஆள் எப்போது திறந்தார், சுமாராக எந்த ஊரிலிருந்து திறந்தார் என்பதெல்லாம் அனுப்பியவனுக்கு வந்துவிடும். அதனால்தான் 2003 அவுட்லுக்கிலிருந்து வெளிப் படங்களைத் தானாகக் காட்டாமல் நிறுத்திவைக்கும் வழக்கம் வந்தது. ஜிமெயில் 2013 டிசம்பரில் வேறு வழி கண்டது. படத்தைத் தன் சர்வரே போய் எடுத்துவந்து காட்டும்; நாம் இருக்கும் இடம் தெரியாது. திறந்தோம் என்பதை மட்டும் அப்போதும் கண்டுபிடிக்கலாம்.

நான் யோசித்துப் பார்த்தேன். ஐயா பதிவுத் தபால் அனுப்பினால் ஒப்புகை அட்டைக்குத் தனியாகக் காசு கட்டுவார்கள். அப்பத்தா மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி அதில் நாட்டு வைப்பார்கள். அந்தக் கைநாட்டு கடல் தாண்டிப் போய், கடிதம் கிடைத்துவிட்டது என்று ஐயாவுக்குச் சொல்லும். அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கியதை இன்றைக்குக் களவாடுகிறார்கள். அதைத் தடுக்கப் பூட்டு, பூட்டைத் திறக்க ஒரு பொறியியல் மாணவன்.

"சோதிச்சுப் பாப்போம்" என்று பேரன் வேறொரு மெயிலைத் திறந்து, மஞ்சள் பட்டையில் ஒரு தட்டுத் தட்டினான். மதுரை ஜவுளிக்கடை ஒன்றின் பட்டுப்புடவைகள் சரிகை மின்ன, வரிசை வரிசையாக வந்து நின்றன. அடுத்து மகள் மெயிலில் தட்டினான். பதினோரு கட்டமும் அசையவில்லை. முன்பின் தெரியாத கடைக்காரன் புடவை வருகிறது, சொந்தப் பேத்தி வரமாட்டேன் என்கிறாள்.

மகளுக்குப் போன் போட்டோம். "எனக்கு நல்லாத் தெரியுதே ஆத்தா! அனுப்புன மெயிலத் தொறந்து பாத்தேன், பதினொண்ணும் இருக்கு" என்றாள். பேரன் கட்டம் ஒன்றின் முகவரியை எடுத்துப் பார்த்துச் சிரித்தான். அது எந்த சர்வரின் முகவரியும் இல்லை; 'சி' டிரைவில் ஆரம்பித்தது. மகள் எதையோ வெட்டி ஒட்டியதில், படம் போய்ச் சேரவில்லை. அவள் கணினிக்குள் எந்த அறையில், எந்த அலமாரியில் படம் இருக்கிறது என்ற விலாசம் மட்டும் எனக்கு வந்திருக்கிறது. அவள் தன் கணினியில் திறந்தால் அலமாரி பக்கத்திலேயே இருக்கிறது, தெரிகிறது. நான் காரைக்குடியில் திறந்தால் என் வீட்டில் அப்படி ஒரு அலமாரியே இல்லை.

எங்கள் பக்கத்தில் இது புதிய விஷயமா என்ன? தெருவுக்குத் தெரு பாருங்கள். வீடு இருக்கிறது, கதவு எண் இருக்கிறது, பர்மாத் தேக்குத் தூண் இருக்கிறது, வளவில் ஆத்தங்குடிக் கல் பளபளக்கிறது. ஆட்கள் சென்னையில், சிங்கப்பூரில், நியூஜெர்சியில். பூட்டு மட்டும் ஊரில். விலாசம் சரியாக இருந்தால் ஆளைப் பார்த்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் செட்டிநாட்டுக்கு ஒரு நடை வந்து போகலாம்.

"படத்த ஒட்டாதிய அயித்தை, இணைப்பா வைங்க" என்று பேரன் போனில் மகளுக்குப் பாடம் நடத்தினான். மறுநாள் மெயில் வந்தது. கனமாக வந்தது. அப்பத்தா இருந்திருந்தால் விரலால் தடவியே சொல்லியிருப்பார்கள். பதினோரு இணைப்பு. ஒன்றைத் தட்டினேன். இதைத் திறக்க என்னிடம் வழி இல்லை என்றது கணினி.

எனக்கு இந்தத் தடவை சந்தேகம் வந்துவிட்டது. "உள்ள படம் இருக்கா, இல்ல இதுவும் வெறும் விலாசமா?"

"இருக்கு அப்பத்தா, பாக்குறியளா?" என்று மெயிலின் மூலத்தைத் திறந்து காட்டினான். படம் இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்து. இடைவெளி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. ஆரம்பமே ஏ, ஏ, ஏ, ஏ என்று நாலு ஏ, தெருவில் யாரையோ கூப்பிடுவதுபோல.

"இதான் ஒங்க பேத்தி" என்றான்.

மின்னஞ்சலுக்கு ஆதியில் எழுத்தைத் தவிர வேறொன்றும் தெரியாதாம். ஆகவே படத்தை எழுத்தாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். 64 குறிகள் கொண்ட ஒரு நெடுங்கணக்கு. படத்தின் மூன்று பைட் நாலு எழுத்தாகும், அதனால் மூன்று மெகாபைட் படம் வழியில் நாலு மெகாபைட்டாகப் பருத்துவிடும். இப்படி இணைப்பு வைப்பதற்கு முறை வகுத்தவர்களில் ஒருவர் நதேனியல் போரன்ஸ்டைன். 1992 மார்ச் 11-ஆம் தேதி, தன் பாட்டுக் குழுவின் படத்தையும் பாட்டையும் வைத்து ஒரு மெயில் அனுப்பினார். மெயிலில் போய்ப் படம் எதற்கு என்று கேட்டவர்களிடம் அவர் சொன்ன பதில்தான் எனக்குப் பிடித்தது: நாளைக்கு எனக்குப் பேரப்பிள்ளைகள் பிறப்பார்கள், அவர்கள் படம் எனக்கு மெயிலில் வர வேண்டும். மனுஷர் எங்கோ அமெரிக்காவில் இருந்துகொண்டு எனக்காகவும் யோசித்திருக்கிறார்.

ஆனால் எழுத்து படிக்கிற உத்தியோகம் பார்த்தவள் நான். என் முன்னால் என் பேத்தி எழுத்து எழுத்தாகக் கிடக்கிறாள், ஒரு வரி படிக்கத் தெரியவில்லை. கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தாவின் இடத்தில் இப்போது நான். பத்து வயதில் அவர்களைக் காக்கவைத்து, கடைசி வரியில்தான் படத்தை எடுத்துக் கொடுத்தேனே, அந்தக் கடனை வட்டியோடு வசூலிக்கிறார்கள் போலிருக்கிறது. லேவாதேவிக் குடும்பம் அல்லவா!

கோளாறு இந்த முறை படத்தின் வடிவத்தில். 2017-லிருந்து சில கைப்பேசிகள் இடத்தை மிச்சம் பிடிக்கப் படத்தை 'ஹெச்.இ.ஐ.சி.' என்ற புது வடிவத்தில் சேமிக்கின்றன. என் பழைய கணினிக்கு அது புரியாது, 'ஜேபெக்' என்றால் புரியும். பேரன் பதினொன்றையும் ஜேபெக்காக மாற்றினான். ஸ்டூடியோக்காரர் தட்டில் தண்ணீர் ஊற்றியது மாதிரிதான், ஆர்ப்பாட்டம் ஒன்றுமில்லை. முதல் படம் மேலிருந்து கீழாக விரிந்தது. பட்டுப்பாவாடை, விரலில் மாவு, மாவில் சுடர், பயமும் வீறாப்புமாக ஒரு வாய் திறந்திருக்கிறது.

"மெலிஞ்சு போயிட்டா" என்றேன்.

அதற்குள் போன் அடித்தது. மகள். "பாத்தியா ஆத்தா? இப்பவாச்சும் தெரியுதா?" பார்த்தேன் என்று நான் வாயால் சொன்ன பிறகுதான் அவளுக்கு நிம்மதி. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், புது மெயில் ஒன்று. மதுரை ஜவுளிக்கடை. எங்கள் பட்டுப்புடவைகளைப் பார்வையிட்டமைக்கு நன்றி, இன்னும் மூன்று நாள் தள்ளுபடி உண்டு என்று எழுதியிருந்தார்கள். நான் பார்த்தது அவர்களுக்கு நேற்றே தெரிந்திருக்கிறது. கைநாட்டுக்கூட வைக்கவில்லை.

பேரன் எழுந்திருக்கவில்லை. அலமாரியில் இருந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய சம்பளக் கணக்கை அவனிடம் எப்போதோ உளறியிருக்கிறேன் போல.

"கடிதத்துக்கு ரெண்டு, படம் இருந்தா மூணு" என்றேன்.

"பதினோரு படம், அப்பத்தா" என்றான்.