கணக்கு பெருங்களத்தூரிலிருந்து

பந்தியில் இரண்டாம் முறை சாம்பார் வரும் நேரம். எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கும்: "எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?"

நலம் விசாரிக்கிறார் என்று நம்பி, "விடியக்காலம் அஞ்சுக்கு" என்று சொன்னீர்களோ, தீர்ந்தது. "அஞ்சுக்கா! நான் ஆறரைக்குத்தான் சாவியவே எடுத்தேன்." பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் நீங்கள் "அப்படியா, எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் பதில் வரும். "மூணே கால்."

இவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். பெரும்பாலும் சகலையாக இருக்கிறார். என் சகலையைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து திருச்சி ஏறக்குறைய 330 கிலோமீட்டர். மற்றவர்களுக்கு ஐந்து, ஐந்தரை மணி நேரம் ஆகிற தூரத்தை இவர் மூன்றே கால் மணியில் கடக்கும் விதம் ஆராய்ச்சிக்குரியது. வீடு அண்ணா நகரில். ஆனால் கணக்கு அங்கே தொடங்காது. "பெருங்களத்தூர் வரைக்கும் டிராஃபிக் சகலை, அதப் போயி பயணத்துல சேக்க முடியுமா?" ஆக, அதுவரை ஆன நேரம் தள்ளுபடி. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று சுங்கச்சாவடிகளில் நின்ற நேரம் அரசாங்கத்தின் கணக்கு. மேல்மருவத்தூரில் டிபன் சாப்பிட்டது வயிற்றுக் கணக்கு. உளுந்தூர்பேட்டை தாண்டி அண்ணி கழிப்பறைக்கு இறங்கினால் அது அண்ணியின் கணக்கு. அதை இவர் தலையில் கட்டக் கூடாது. பெட்ரோல் போட்ட நேரம் வண்டியின் கணக்கு. கடைசியில் சமயபுரம் சுங்கச்சாவடி தெரிந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அவ்ளோதான், திருச்சி வந்தாச்சு" என்று முடித்துக்கொள்வார். அதன் பிறகு ஊருக்குள் ஊர்ந்து மண்டபத்தைக் கண்டுபிடித்து, நிழலாக ஓர் இடம் தேடி வண்டியை நிறுத்த ஆகும் முக்கால் மணி நேரத்துக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது.

மிச்சம் இருப்பதுதான் மூன்றே கால். தணிக்கைத் துறையில் இருக்க வேண்டியவர். பாவம், வேறு வேலையில் மாட்டிக்கொண்டார்.

போன வைகாசிக் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து மணிக்குக் கிளம்பிய நாங்கள் பத்து இருபதுக்கு மண்டபத்தில் இருந்தோம். ஆறரைக்குக் கிளம்பியவர் பதினொன்று ஐம்பதுக்கு வந்தார். இரண்டுக்கும் ஐந்து மணி இருபது நிமிடம்தான். தாலி கட்டி முடிந்து, மணமக்கள் மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். இவர் நேராகப் பந்திக்கு வந்து உட்கார்ந்து, எத்தனை மணிக்குக் கிளம்பினேன் என்று என்னையே கேட்டார்.

வேகமாகப் போகிறவர்களுக்குப் பரிசு கொடுத்துத் திருத்தலாமா, அபராதம் போட்டுத் திருத்தலாமா என்று உலகம் முழுக்கப் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சகலைக்கு ஏற்கெனவே பரிசு கிடைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. எதிர் இலைக்காரர் புருவத்தைத் தூக்கி "மூணே காலா?" என்கிறாரே, அதுதான் பரிசு. 2019 திருத்தச் சட்டம் வேகமாகப் போகும் காருக்கான அபராதத்தை 400 ரூபாயிலிருந்து 1000 முதல் 2000 வரை ஏற்றியது. சகலை அதையும் சேர்த்துக்கொண்டார். ஆறு சுங்கச்சாவடிக்குக் கட்டுகிறோம், இது ஏழாவது. செல்போனுக்கு வந்த அபராதச் சீட்டில் வண்டியின் படம் தெளிவாக விழுந்திருந்ததை எல்லோருக்கும் காட்டினார். காவல்துறையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வேகச் சான்றிதழை மறைத்து வைக்க அவருக்கு என்ன பைத்தியமா?

அவர் எதற்குமே அடங்க மாட்டார் என்று நினைக்க வேண்டாம். அடங்குகிற இடம் ஒன்று உண்டு. 119.

2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார் என்றால் 80ஐத் தாண்டியதும் நிமிடத்துக்கு ஒருமுறை 'பீப்' என்னும். 120ஐத் தாண்டினால் ஓயாமல் கத்தும். முதல் பீப் சகலைக்குப் பழகிவிட்டது. புதிதாக வண்டியில் ஏறியவர்கள் "என்ன சத்தம்?" என்று கேட்டால், "அது கம்பெனியிலேயே அப்படித்தான்" என்பார். ஆனால் 120இல் வருகிற அந்த விடாத கத்தல் இளையராஜாவைக் கேட்க விடாது. அதனால் 119. முள் 120ஐ நோக்கி நகர்ந்தால் கால் தானாக லேசாகிறது; 117க்கு இறங்கினால் தானாக அழுந்துகிறது. மேடு, பள்ளம், லாரி, மழைத் தூறல் எதுவும் அந்த எண்ணை அசைக்காது. நம் ஆட்களுக்குக் கட்டுப்பாடே கிடையாது என்று சொல்கிறவர்களை முன் சீட்டில் உட்கார வைத்துத் திண்டிவனத்திலிருந்து தொழுதூர் வரை கூட்டிப் போக வேண்டும். ஆயிரம் ரூபாய் அபராதமும், சாலையோரம் நொறுங்கிய காரைத் தூக்கி வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகையும் செய்யாததை, 'ராஜா ராஜாதான்' தொகுப்புக்கு நடுவே விழும் ஓர் இரைச்சல் செய்துவிட்டது. அந்த இரைச்சலை 80இலேயே வைத்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

கேமராவுக்குப் பிரேக் அடிப்பதெல்லாம் ஊருக்கே தெரிந்த பழக்கம். அதில் சகலைக்குத் தனிச் சிறப்பு இல்லை. எதிரே வருகிறவர்களுக்கு ஹெட்லைட் அடித்து 'முன்னால போலீஸ்' என்று தகவல் கொடுப்பதைப் பொதுத்தொண்டில் சேர்த்திருக்கிறார். சட்ட ஞானமும் உண்டு. 2018இல் மத்திய அரசு நான்குவழிச் சாலையில் காருக்கு 100, எக்ஸ்பிரஸ்வேயில் 120 என்று அறிவித்தது அவருக்கு மனப்பாடம். "இதுவும் ஒரு மாதிரி எக்ஸ்பிரஸ்வேதானே சகலை." அந்த அறிவிப்பை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது மட்டும் இன்னும் அவர் காதுக்கு எட்டவில்லை. நான் சொன்ன நேரத்தில் பீப் அடித்திருக்க வேண்டும்.

ஊக்கத்தொகை என்றால் மசியாதவரா என்றால், அதுவும் இல்லை. கார் இன்சூரன்ஸில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு அவர் அடிமை. ஒரு வருடம் கிளெய்ம் கேட்காமல் இருந்தால் 20 சதவீதம் கழிவு, தொடர்ந்து ஐந்து வருடம் கேட்காவிட்டால் 50 சதவீதம். இந்த ஐம்பதைக் காப்பாற்றுவதற்காக, பின் பம்பரில் விழுந்த கோட்டைத் தெரு முனைப் பெயின்டரிடம் சொந்தக் காசில் ஒட்டுப் போட்டுக்கொண்டார். வண்டி வெள்ளை, ஒட்டு மோர் நிறம். கேட்டால், "போனஸ் போயிடும்ல" என்பார். பணம் அவர் நடத்தையை மாற்றத்தான் செய்தது. ஓட்டுவதில் மாற்றவில்லை, கிளெய்ம் கேட்பதில் மாற்றியது.

இதைப் பார்த்துத்தான் எனக்கு ஒரு நப்பாசை வந்தது. எப்படி ஓட்டுகிறோம் என்பதை அளந்து அதற்கேற்பப் பிரீமியம் போடும் திட்டங்களுக்கு 2022இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி கொடுத்ததை அவரிடம் எடுத்துச் சொன்னேன். கண் விரிந்தது. அன்றைக்கே ஏஜென்டுக்கு போன் போட்டார். நான் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கையில் அவர் கேட்ட ஒரே கேள்வி: "அந்த ஆப்ப அப்பா போன்ல போட்டுக்கலாமா?" பெரியவர் சர்க்கரை பார்க்க லேபுக்குப் போகும்போது மட்டும் ஓட்டுவார். நாற்பதைத் தாண்ட மாட்டார்.

பின்லாந்தில் சம்பாத்தியத்துக்கு ஏற்ப அபராதம் என்றும், 2023இல் அங்கே ஒரு தொழிலதிபர் 50இல் போக வேண்டிய இடத்தில் 82இல் போனதற்கு 1,21,000 யூரோ கட்டினார் என்றும் சொல்லிப் பார்த்தேன். "அப்படின்னா அந்தாளு எவ்வளவு சம்பாதிக்கிறான் பாருங்க!" என்று மெய்ம்மறந்தார். பிறகு சந்தேகம் வந்து, "எண்பத்திரண்டா? வெறும் எண்பத்திரண்டுக்கா?" என்றார்.

அவர் மெதுவாக ஓட்டி நான் பார்த்தது ஒரே ஒரு நாள். மாமியார் வீட்டு விசேஷம். சமையல்காரர் வீட்டிலிருந்து அண்டா நிறையப் பால் பாயசம் பின் சீட்டில் ஏறியது. சீட் கவர் அந்த வாரம்தான் போட்டது, கிரீம் நிறம். அண்டாவுக்கு சீட் பெல்ட் மாட்டினார். மூடியின் மேல் துண்டைக் கட்டி, என் மைத்துனனைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னார். ஒவ்வொரு வேகத்தடையிலும் முதல் கியருக்கு வந்து, முன் சக்கரத்தை ஏற்றி, இறக்கி, பின் சக்கரத்தை ஏற்றி, இறக்கி, கண்ணாடியில் மூடியைப் பார்த்த பிறகே நகர்ந்தார். முப்பதுக்கு மேல் போகவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தவனிடம் தலையை வெளியே நீட்டி, "என்ன அவசரம்? போய்ச் சேர வேணாமா?" என்று கத்தினார்.

அந்தப் பாயசத்தின் மேல் எனக்கு இன்றுவரை பொறாமை. அதே பின் சீட்டில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் திருச்சி வரை பெல்ட் போடாமல் குதித்துக்கொண்டே வருகிறார்கள், 119.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நெடுஞ்சாலை பல ஊர்களை நடுவில் கிழித்துக்கொண்டு போகிறது. வீடு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறுபக்கம். தடுப்புச் சுவரில் இருக்கும் இடைவெளியில் ஒரு பெண் கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்; இந்தப் பக்கம் பார்ப்பார், அந்தப் பக்கம் பார்ப்பார், ஓர் அடி வைப்பார், பின்வாங்குவார். அவருக்கு எந்தத் திட்டத்திலும் போனஸ் இல்லை. 80இல் வரும் காரைவிட 119இல் வரும் அதே காரின் மோதும் ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். பத்தில் ஏழு சாவுகளுக்கு அதிவேகத்தைத்தான் காரணமாக எழுதியிருக்கிறது மத்திய அரசின் அறிக்கை. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. ஆனால் அபராதம், பரிசு, கழிவு, கேமரா என்று எதைப் பேசினாலும் ஓட்டுகிறவருக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்றே பேசுகிறோம். அண்ணியும் பேசியாயிற்று. "ஏங்க, கொஞ்சம் மெதுவா" என்று அவர் சொல்லாத கல்யாணமே கிடையாது. "மெதுவாத்தானே போறேன்" என்ற பதிலும் மாறியதில்லை. அந்த 330இல் 300 கிலோமீட்டரை ஓர் இடத்திலும் குறைக்காமல் 119இலேயே ஓட்டினால், 100இல் போவதைவிட 29 நிமிடம் மிச்சம். அப்படி யாராலும் ஓட்ட முடியாது. முடிந்தாலும், மிஞ்சும் நேரம் பந்தியில் அந்தக் கதையைச் சொல்லவே போதாது.

மனுஷன் நல்லவர், அதையும் சொல்லிவிட வேண்டும். பஞ்சராகி நிற்கிற எந்த வண்டியையும் தாண்டிப் போக மாட்டார். ஜாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். குடும்பத்தோடு நிற்கிறவர்களுக்கு ஸ்டெப்னி மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார் (அந்த நேரம் தர்மக் கணக்கு). மாமனாருக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி, யாரைக் கூப்பிடுவது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நின்றது இவர் வண்டிதான். ஐ.சி.யூ. வாசலில் என் தோளைத் தட்டி, "ஒண்ணும் ஆகாது சகலை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பதினாலு நிமிஷம்" என்றார்.

கடைசியாக ஸ்டாக்ஹோமை எடுத்தேன். செங்குறிச்சி சுங்கச்சாவடி தாண்டி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்தபடி சொன்னேன். 2010இல் சுவீடன்காரர்கள் சில நாள் ஒரு சோதனை நடத்தினார்கள். கேமரா எல்லோரையும் படம் பிடிக்கும். வேகமாகப் போனால் அபராதம். ஒழுங்காகப் போனால் உங்கள் பெயர் குலுக்கலில் சேரும். வேகமாகப் போனவர்கள் கட்டிய பணத்திலிருந்தே உங்களுக்குப் பரிசு. சராசரி வேகம் 32இலிருந்து 25க்கு இறங்கியது.

பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். மனிதர் யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"லாட்டரியா? நம்மூர்ல 2003லயே தடை பண்ணியாச்சே சகலை. சட்டத்துக்கு விரோதமா நாம எதுவும் செய்யக் கூடாது."

"சரி, குலுக்கல்னு சொல்ல வேணாம். சன்மானம்னு வச்சுக்குவோம்."

இன்னும் கொஞ்ச தூரம் பேச்சில்லை. வண்டி மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை பீப் என்றது.

"எல்லாரும் ஒழுங்காப் போயிட்டா பரிசுப் பணம் எங்கேர்ந்து வரும்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

"அப்போ யாராவது ஒருத்தன் வேகமாப் போய்த்தானே ஆகணும்?" என்றார் சகலை. இன்டிகேட்டரைப் போட்டு, முன்னால் போன பஸ்ஸை வலப்பக்கமாகத் தாண்டத் தொடங்கினார்.