வரிசையில் யார் நிற்கிறார்கள்?

இந்த இதழில் பெரம்பலூர், அரியலூர் வாசகர்களின் கேள்விகள். பேரிடரிலும் போரிலும் திருச்சபைகள் செய்யும் உதவி பற்றிக் கேட்டவர்களே அதிகம்.

கேள்வி (குன்னம்): புயல், வெள்ளம் என்றால் சர்ச்சுக்காரர்கள் எப்படி முதல் ஆளாய் வந்துவிடுகிறார்கள்?

எங்கிருந்தும் வரவேண்டியதில்லை, அங்கேயேதான் இருக்கிறார்கள். கடலோரக் குப்பத்தில் பங்குச் சாமியார் இருக்கிறார், கன்னியர் மடம் இருக்கிறது, பூட்டைத் திறந்தால் நூறு பேர் படுக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்த யாத்திரிகர்களையும் கடல் கொண்டுபோனது. உதவி செய்ய வேண்டியவர்களே அன்று துக்க வீட்டுக்காரர்கள். ஆனாலும் தஞ்சை மறைமாவட்டத்தின் சமூகப் பணிச் சங்கமும், சி.எஸ்.ஐ., தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைகளும் சோற்றுப் பொட்டலத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வீடு, படகு, வலை என்று பல காலம் கூடவே இருந்தார்கள்.

கேள்வி (வேப்பந்தட்டை): வீட்டில் பழைய துணி நிறையக் கிடக்கிறது. அடுத்த பேரிடருக்கு அனுப்பலாமா?

வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நாகைச் சாலையோரங்களில் பழைய துணி மலையாய்க் குவிந்தது, அதை அகற்றுவதே தனி வேலையாயிற்று. நாம் உடுத்தக் கூசுவதை, எல்லாம் இழந்தவள் உடுத்திக்கொள்வாள் என்று எப்படி நினைக்கிறோம்? புதுப் போர்வை, புது உள்ளாடை, நாப்கின் கொடுங்கள். எல்லாவற்றையும்விடப் பணம் நல்லது. அவளுக்கு என்ன தேவை என்று அவளுக்குத் தெரியும்.

கேள்வி (ஆலத்தூர்): ஒரு கையில் ரொட்டி, மறு கையில் பைபிள். எல்லாம் மதம் மாற்றத்தானே?

கேட்க வேண்டிய கேள்விதான். அரிசிப் பைக்குள் துண்டுப் பிரசுரம் வைத்துக் கொடுத்தால் அது தவறு. பசித்தவரால் வேண்டாமென்று சொல்ல முடியாது. நானும் ஞாயிறு பூசைக்குப் போகிறவன்தான், ஆனால் இதில் யாருக்கும் சலுகை கிடையாது. உதவியை மதத்துக்கோ அரசியலுக்கோ கருவியாக்கக் கூடாது என்று 1994-இல் ஒரு நடத்தை நெறி வகுத்தார்கள். அதை வகுத்தவர்களில் செஞ்சிலுவை இயக்கத்தோடு கத்தோலிக்க உதவி அமைப்பான காரித்தாஸும் உலகத் திருச்சபை மன்றமும் உண்டு. ஆகவே தெரியாது என்று எந்தச் சபையும் சொல்லித் தப்ப முடியாது.

உண்மையா என்று பார்க்க வேண்டுமா? வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். எல்லா மதத்தவரும் நின்றால் அந்த உதவி உண்மை. நம் ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா கோயிலுக்கு நிலம் கொடுத்தவர் இந்துவான அரியலூர் மழவராயர் என்று ஊரே சொல்லும். வாங்கும்போது மதம் பார்க்காத திருச்சபை கொடுக்கும்போது மட்டும் பார்க்கலாமா?

கேள்வி (லெப்பைக்குடிக்காடு): கிறிஸ்தவர்கள் மட்டும்தான் இதையெல்லாம் செய்கிறார்களா?

சுனாமி அன்று பரங்கிப்பேட்டைப் பக்கம் மீனவக் குடும்பங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டது முஸ்லிம் ஜமாஅத். சாப்பிட்டவர்கள் இந்துக்கள். வேறென்ன சொல்ல!

கேள்வி (ஜெயங்கொண்டம்): போர் நடக்கும்போது தேவாலயத்துக்குள் ஓடினால் உயிர் பிழைக்கலாமா?

பிழைக்கலாம் என்று நம்பித்தான் ஓடினார்கள். 1995 ஜூலை 9, யாழ்ப்பாணம் நவாலி. ஷெல்லடிக்குத் தப்பி வந்த சனம் புனித பேதுரு தேவாலயத்திலும் பக்கத்து முருகன் கோயிலிலும் ஒதுங்கியிருந்தது. விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மன்னார்ப் பக்கம் மடு மாதா கோயில் வளாகத்தில் 1990 முதல் ஆயிரக்கணக்கானவர்கள் கொட்டில் போட்டுக் குடியிருந்தார்கள். 1999 நவம்பர் 20 அன்று அங்கேயும் ஷெல் விழுந்தது, குழந்தைகள் உட்பட நாற்பது பேர் அளவில் போனார்கள். 2008 ஏப்ரலில் சண்டை கோயிலை நெருங்கியபோது குருக்கள் மாதா சொரூபத்தையே எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். சனத்தோடு சேர்ந்து மாதாவும் இடம்பெயர்ந்தாள். 2023 அக்டோபரில் காசாவின் புனித போர்பிரியுஸ் தேவாலய வளாகத்தில் தங்கியிருந்தவர்களுக்கும் இதே கதிதான்.

சுவர் காப்பாற்றும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் கூடவே இருந்தவர்களால் சாட்சி சொல்ல முடிந்தது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் இலங்கை அரசின் நல்லிணக்க ஆணைக்குழு முன் போய் உட்கார்ந்து, அரசாங்கத்தின் சொந்தக் கணக்குகளையே கூட்டிக் கழித்து, போருக்குப் பின் கணக்கில் வராத 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். கஞ்சி ஊற்றுவது எவ்வளவு பெரிய உதவியோ, காணாமல் போனவர்களை எண்ணிக் கேட்பதும் அவ்வளவு பெரிய உதவி.

கேள்வி (அரியலூர்): வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. கணக்கு உண்டா?

1956 நவம்பர் 23, மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 150 பேர் அளவில் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பொறுப்பு என்றால் என்னவென்று அரியலூர்க்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கணக்குக் காட்டுவதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்ததுதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி திருச்சபைகளின் உதவி அமைப்புகள் ஆண்டுதோறும் மத்திய உள்துறைக்குக் கணக்குக் காட்டுகின்றன. எனக்கு அது போதாது. எத்தனை மூட்டை வந்தது, எந்தத் தெருவுக்குப் போனது என்று கோயில் சுவரில் ஒட்ட வேண்டும்.

அதே சட்டத்தில் 2020-இல் கொண்டுவந்த திருத்தம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்றாக்கிவிட்டார்கள். பணம் வாங்கத் தெரிந்தவர்கள் நகரத்தில். ஆள் தெரிந்தவர்கள் கிராமத்தில். நடுவே கதவைச் சாத்தினால் நட்டம் யாருக்கு?

கேள்வி (திருமானூர்): கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் எங்கள் பங்கு மக்கள் என்ன செய்யலாம்?

வெள்ளம் வருமுன் செய்யுங்கள். மேட்டூர் நிரம்பி முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிட்ட பிறகு பட்டியல் எழுதிக்கொண்டிருக்க முடியாது. எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர், யாருக்கு நிறைமாதம், பள்ளிக்கூடச் சாவி யாரிடம் என்று இப்போதே குறித்து வையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது ஸ்பியர் என்ற உலக அளவுகோல். மாட்டை விட்டுவிட்டு நம் ஆட்கள் வரமாட்டார்கள், அதனால் வைக்கோலையும் நிவாரணப் பொருளில் சேருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

இன்னொன்று. முதல் வண்டி காலனித் தெருவுக்குப் போகட்டும். சுனாமி முகாம்களிலேயே தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் எழுப்பிய வரலாறு நம் திருச்சபைக்கு உண்டு. அதை மறந்துவிட்டு நிவாரணம் கொடுக்கப் புறப்படக் கூடாது.

கேள்வி (பெரம்பலூர்): தூர தேசத்துப் போருக்கு நாம் காணிக்கை எடுத்து அனுப்புவதால் என்ன பயன்?

பயன் உண்டு, அனுப்புங்கள். அனுப்பிவிட்டுத் துறைமங்கலம் வரை ஒரு நடை போய் வாருங்கள். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்தவர்களின் முகாம் அங்கே இருக்கிறது. 2021-இல் அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. தமிழகத்தின் இத்தகைய முகாம்களில் இயேசு சபையின் அகதிகள் சேவை அமைப்பு மாலை வகுப்பு நடத்தியது, கல்லூரிக்கு அனுப்பியது. ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் கழகம் அகதிகளையே ஆசிரியர்களாக்கியது. இவ்வளவும் நடந்த பிறகும், இங்கேயே பிறந்து இங்கேயே பட்டம் வாங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. தையல் மிஷின் கொடுத்து வாழ்த்திய சபைகள் இதற்காகவும் டெல்லிக்கு மனு எழுத வேண்டும். உங்கள் பங்குப் பேரவை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடலாம்.