ராயப்பர் போட்டுவிட்டுப் போன வலை

கேள்வி: கடவுளைத் தேடுகிறவர் எதையெல்லாம் விட வேண்டும்? தவக்காலத்துக்காக நான் பிரியாணியை விட்டுவிட்டேன். போதுமா?
(ஒரு வாசகர், ராயபுரம்)

பதில்: வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது, மீன் ஆகலாம் என்பது கத்தோலிக்க வழக்கம். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வஞ்சிரம் வறுவலோடு தவம் இருப்பது என்ன தியாகம் ஐயா! நஷ்டம் பிரியாணிக் கடைக்காரருக்குத்தான்.

உங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள். ராயப்பர் என்றால் பேதுரு. இயேசு கூப்பிட்டதும் வலையைப் போட்டுவிட்டுக் கிளம்பியவர். அவர் பெயரில் 1829-இல் கோயில் கட்டிய படகுக்காரர்கள் அப்படிக் கிளம்பவில்லை. கிளம்பியிருந்தால் யார் கட்டுவது? அன்றைய சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். ஆணியே இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போய், சரக்கையும் துரைமார்களையும் கரை சேர்க்க வேண்டும். சமயத்தில் படகே கவிழும். அந்தக் கூலியில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். கோயில் எழும்பியது அந்தக் காசில்தான்.

பின்னாளில், கோயில் யார் கையில் என்று பாதிரிமார்களோடு தகராறும் வந்தது. காசை விட்டவர்களுக்குப் பிடியை விட மனசு வரவில்லை. எனக்கென்னவோ அதில் குற்றம் தெரியவில்லை.

அது கிடக்கட்டும், பிரியாணியில் மிச்சமான காசு எங்கே? அதை முதலில் எழுதுங்கள். போதுமா, போதாதா என்று அப்புறம் சொல்கிறேன்.