பங்கில் பெரிய மனிதர் ஆவது எப்படி?

கூடலூர்ப் பக்கம் கத்தோலிக்கப் பங்கு வேலைகளுக்குப் பஞ்சமில்லை. எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் அதில் மைக் உண்டா, திருவிழா நோட்டீஸில் பெயர் வருமா என்று பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

இந்தக் கணக்கில் கோவில்பிள்ளை வேலை தேறாது. ஏலத்தோட்டத்து ஜீப்புகள் குமுளி மலை ஏறுமுன் எழுந்து மணி அடிக்க வேண்டும், பூசைக்கு எடுத்துவைக்க வேண்டும், ஒழுகிய மெழுகைச் சுரண்ட வேண்டும். ஒருநாள் மணி பிந்தினால் ஊரே விசாரிக்கும். முப்பது வருஷம் பிந்தாமல் அடித்தவரை யாரும் விசாரிப்பதில்லை.

உபதேசியார் வேலை கௌரவமானதுதான். மதுரை மிஷன் காலத்தில் சாமியார் எப்போதாவதுதான் வருவார். ஊரைக் கட்டிக் காத்தவர் உபதேசியார். அவர்களுக்கென்றே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். 2021-இல் போப் பிரான்சிஸ் அதை முறையான திருப்பணியாகவே ஏற்படுத்தினார். ஆனாலும் ஆசைப்படாதீர்கள். நடுராத்திரி சாவு வீட்டில் செபம் சொல்ல அவரைத்தான் எழுப்புவார்கள். வீரமாமுனிவரும் எப்படி நடந்துகொள்வது என்றுதான் எழுதினாரே தவிர, எப்படிப் பெயர் வாங்குவது என்று எழுதவில்லை.

வின்சென்ட் தே பால் சபையா? 1833-இல் ஓசனாமும் நண்பர்களும் பாரிஸில் தொடங்கியது. ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கச் சொல்லும். கூட்டத்தில் எடுக்கும் காணிக்கையில் யார் எவ்வளவு போட்டார் என்பது ரகசியம். அப்புறம் எதற்குப் போடுவது? அந்தக் காசுக்கு அசனத்துக்கு அரிசி வாங்கிக் கொடுங்கள். மைக்கில் சொல்வார்கள்.

அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டம், தோட்டத்திலிருந்து திரும்பும் பெண்கள் குளித்துச் சமைத்து வந்த பிறகுதான் தொடங்கும். நீங்கள் கடைசிப் பாட்டுக்கு வந்தால் போதும். சுண்டலுக்கு முந்தைய நன்றியுரை உங்களுடையது.

சப்பரம் தூக்கும்போது முன்கொம்பைப் பிடியுங்கள். போட்டோக்காரர் அங்கேதான் நிற்பார். படம் எடுத்ததும் வேட்டியைச் சரிசெய்ய ஒதுங்கிவிடுங்கள். தெருமுனையில் திருப்பும்போது பாரம் எந்தத் தோளில் இறங்கும் என்பது தூக்கித் தழும்பேறியவர்களுக்குத் தெரியும்.

உங்கள் உண்மையான இலக்கு பங்குப்பேரவை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி பேரவை ஆலோசனை மட்டுமே சொல்லலாம்; முடிவு பங்குத்தந்தையுடையது. இதைவிட வசதியான பதவி உண்டா? மண்டபம் நன்றாக எழும்பினால் உங்கள் யோசனை. ஒழுகினால், “நான் அன்னைக்கே சொன்னேனே சாமி!” நிதிக்குழுப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள். அங்கே ரசீது கேட்பார்கள்.

ஒரே ஆபத்து, மதுரையிலிருந்து வரும் மாறுதல் உத்தரவு. உங்கள் அருமை தெரிந்த சாமியார் போய்விடுவார். அதனால் வழியனுப்பும் வண்டியை நீங்களே பேசி, அதே வண்டியில் புதியவரைக் கூட்டிவரும் பொறுப்பையும் வாங்கிவிடுங்கள். கூடலூர் வந்து சேருவதற்குள், கோவில்பிள்ளை மணியைப் பிந்தி அடித்த அந்த ஒருநாளைச் சொல்லி முடித்துவிடலாம்.