லைக் போட்டவர் துரை அல்ல

கே: யூடியூப் சேனல் நடத்தும் என் தம்பி தூங்குவதே இல்லை. ஒரு வாரம் விட்டாலும் அல்காரிதம் தள்ளிவிடுமாம். உண்மையா? (லுணுகலை)

ப: 2019-இல் யூடியூப்பின் தலைமை அதிகாரியாக இருந்த சூசன் வொஜ்சிக்கி கணக்குப் பார்த்துச் சொன்னார்: ஓய்வெடுத்துத் திரும்பிய சேனல்களுக்குச் சராசரியாக முன்னைவிடப் பார்வைகள் கூடியிருந்தன. கம்பனியே லீவு எடு என்கிறது. தம்பிதான் தனக்குத் தானே கங்காணி.

கே: இதில் காசு வர என்ன செய்ய வேண்டும்? (மடுல்சீமை)

ப: விளம்பரக் காசுக்கு 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வை. நீள வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் உங்களுக்கு, 45 கம்பனிக்கு. முதுகுவலி மட்டும் பங்கில்லாமல் உங்களுக்கே.

கே: லயத்தில் சிக்னல் இல்லை. இரவு பதினொரு மணிக்குக் கோயில் படியில், பனியில் உட்கார்ந்து வீடியோ ஏற்றுகிறேன். முதல் கமெண்ட்: "இன்றைக்கு ஏன் லேட்?" (அடாவத்தை)

ப: கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடத் தோட்டத்தில் செக்ரோல் இருக்கிறது. கமெண்ட்காரர் கையில் என்ன இருக்கிறது? கட்டைவிரல்! போய்த் தூங்குங்கள்.

கே: நாங்கள் லைக் போட்டு வளர்த்த சமையல் பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டது. துரோகம்தானே? (பசறை)

ப: நீங்கள் போட்டது லைக், முன்பணம் அல்ல. இந்த மலைகளில் ஒரு காலம் இருந்தது. தோட்டம் மாற வேண்டுமென்றால் கடன்தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். நம் பாட்டன் பூட்டன் அந்தத் தாளுக்குள் கட்டுண்டு கிடந்தார்கள். 1921-இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். நூறு வருடம் தாண்டி, அந்தப் பிள்ளையிடம் நீங்கள் துண்டு கேட்கிறீர்களே!

கே: நன்றாக ஓடும்போது யாராவது நிறுத்துவார்களா? (பதுளை)

ப: இங்கிலாந்தின் டாம் ஸ்காட் பத்து வருடம் வாராவாரம் வீடியோ போட்டு, 2024 ஜனவரி 1-இல் அந்த வாரக்கணக்கை முடித்தார். அதே வருடம் மார்ச்சில் அமெரிக்காவின் மேட்பாட் குடும்பத்தோடு இருக்க வேண்டுமென்று விடைபெற்றார். உச்சியில் நின்றாலும் கால் வலிக்கும்.

கே: நிறுத்தினால் சனம் மறந்துவிடுமே? (எல்ல)

ப: சீனாவின் லி ஸிச்சி 2021 ஜூலையில் நிறுத்தினார். நிர்வாகக் கம்பனியோடு வழக்கு. 2024 நவம்பரில் அரக்கு வேலைப்பாட்டோடு திரும்பினார். உலகம் காத்துக்கொண்டுதான் இருந்தது. மறதிக்குப் பயப்படாதீர்கள், ஒப்பந்தத்துக்குப் பயப்படுங்கள். சேனல் யார் பெயரில், பாஸ்வேர்ட் யார் கையில்? இதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கே: ஆறு மாதம் சும்மா இருந்தால் வருமானம் போய்விடுமா? (ஹாலிஎல)

ப: போகலாம், அப்படி நிறுத்தும் உரிமையை யூடியூப் வைத்திருக்கிறது. ஐந்தாம் மாதம் "சுகம்" என்று ஒரு பதிவு போட்டுவிட்டு மறுபடி போர்வைக்குள் போங்கள்.

கே: ஒன்பது வயது மகளை வைத்துத் தினமும் ரீல் போடுகிறோம். இப்போது போனைத் தூக்கினாலே அழுகிறாள். சமாதானப்படுத்த வழி? (ஹொப்டன்)

ப: பேஸ்புக்கே 13 வயதுக்குக் கீழ் கணக்குத் தராது, வேலை மட்டும் தரலாமா? அந்த அழுகைதான் ராஜினாமாக் கடிதம். இன்றைக்கே ஏற்றுக்கொள்ளுங்கள்.