விருப்பம் உள்ளவர்கள் மட்டும்

எண்பதுகளில் சோழவந்தானில் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு அக்டோபர் பிறந்தால் ஒரு கலக்கம். காலாண்டு மார்க்கை விடுங்கள், அது பழகிப்போனது. இது காசநோய் நிதிக்கான வில்லை. தபால்தலை மாதிரியே ஓரத்தில் பல் வெட்டிய சீட்டுகள், அதில் இரட்டைக் குறுக்குக்கோடு போட்ட சிவப்புச் சிலுவை. ஆளுக்கொரு தாள் கையில் வந்துவிடும். விற்றுக் காசைக் கொண்டுவர வேண்டும். விற்காதவர்களை வகுப்பில் எழுப்பி நிறுத்திப் பெயர்களை வாசிப்பார்கள்.

1904-இல் டென்மார்க்கில் ஐனார் ஹோல்போல் என்ற தபால் ஊழியர் கிறிஸ்துமஸ் வாழ்த்துகளில் ஒட்டுவதற்காகத் தொடங்கிய யோசனையாம் இது. நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். வைகைக் கரையில் அரைக்கால் சட்டைப் பையன்கள் கொடிக்கால் கொடிக்காலாக அலையப்போவது அவருக்கு எப்படித் தெரியும்?

கொடிக்காலில் தாத்தா வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கிக்கொண்டிருப்பார். தலையை நிமிர்த்தாமல் கேட்பார்:

“யாருய்யா குடுத்தது?”

“கிளாஸ் சார்.”

“அப்ப வாங்கித்தான ஆகணும்.”

காசநோயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்துக் கொடிக்காலில் ஒருவர் அதைத் தபால்தலை என்றே நம்பிக் கவரில் ஒட்டி மகளுக்குப் போட்டுவிட்டார். அங்கே மருமகன் இரட்டிப்புக் கட்டணம் கட்டி அந்தக் கடிதத்தை வாங்கினாராம். அந்தத் தர்மம் தபால் இலாகாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

டிசம்பர் 7 கொடி நாள். படைவீரர் நலனுக்காக 1949 முதல் நடப்பது. அதில் ஒரு நியாயம் இருந்தது. உண்டியலில் காசைப் போட்டுக் காகிதக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டால், அன்று பொழுது சாய்கிறவரை வேறு எந்த உண்டியலும் நம் பக்கம் திரும்பாது. (கெட்டிக்காரர்கள் போன வருஷக் கொடியைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள்.)

தெருப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி. வரி என்றே சொல்லித்தான் வாங்கினார்கள். உங்களுக்கு விருப்பமா என்று வாசலில் நின்று யாராவது கேட்டிருந்தால், இந்தக் குடும்பத்தை ஊரைவிட்டுத் தள்ளப் பார்க்கிறார்களோ என்று அம்மா பயந்திருப்பாள்.

இப்போது மதுரையில் ஒரு அலுவலகம். இங்கே வரி கிடையாது, எல்லாமே விருப்பம். “ஒரு நாள் சம்பளத்தை வழங்க விருப்பம் இல்லாதவர்கள் மட்டும் எழுத்துமூலம் தெரிவிக்கவும்” என்று சுற்றறிக்கை வரும். எழுத்துமூலம் தெரிவித்த வீரர் எவரையும் நான் பார்த்ததில்லை. அப்புறம் வாட்ஸ்அப் பட்டியல். மேலதிகாரி முதல் வரியில் தன் பெயரையும் தொகையையும் போடுவார். அதை நகல் எடுத்து, கீழே நம் பெயரைச் சேர்த்து, மறுபடி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறை போன் அதிரும்போதும் பட்டியல் ஒரு வரி நீண்டிருக்கும், நம் பெயர் இல்லாமல். கிளாஸ் சார் விடுபட்ட பெயர்களை வாசித்தார். இவர்கள் வாசிப்பதே இல்லை, அவ்வளவு நாகரிகம்.

இதுவரைக்கும்கூடத் தாங்கலாம். கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்பதுதான் பழைய ஒப்பந்தம். இப்போது கொடுத்தால் போதாது, ஓடவும் வேண்டும். ஏதோ ஒரு நோயின் பெயரில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து கிலோமீட்டர். பதிவுக் கட்டணத்துக்கு ஒரு டீ-சர்ட் தருவார்கள், அளவு எப்போதும் ஒன்று பெரியது. சோழவந்தானிலிருந்து மதுரைக்கு 20 கிலோமீட்டருக்கு மேல், இருட்டில் வண்டியை விரட்டிக்கொண்டு வர வேண்டும். காசைக் கட்டிவிட்டு வீட்டில் தூங்குகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். “சார், குரூப் போட்டோ இருக்கே!” என்றது பதிவு செய்கிற பிள்ளை.

எங்கள் ஊர் ஜெனகை மாரியம்மன் கோயிலில் வைகாசித் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி ஏந்துகிறவர்களுக்கு யாரும் படிவம் அனுப்புவதில்லை. தாமாகவே காப்புக் கட்டி, விரதமிருந்து, கொதிக்கிற தார்ச்சாலையில் நெருப்போடு நடக்கிறார்கள். வழியில் நீர்மோர் ஊற்றுகிறவர் பெயர்கூடத் தெரியாது. அலுவலகத்தில் இதைச் சொன்னேன். அடுத்த வருஷம் ஓட்டத்தில் மோர் ஸ்டால் வைத்தார்கள், பின்னால் பேனரோடு.

ஓட்டத்துக்கான படிவத்தில் “வராததற்குக் காரணம்” என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் பிரிவில் ஒரு அம்மா அதில் “தூக்கம்” என்று எழுதிவிட்டார். இரண்டு பேர் வந்து உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். இந்த வருஷம் அந்தக் கட்டத்தில் எதுவும் எழுத முடியாது. மருத்துவக் காரணம், வெளியூர்ப் பயணம், குடும்ப நிகழ்ச்சி என்று மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். அந்த அம்மா குடும்ப நிகழ்ச்சியைத் தொட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.